முதல் தஞ்சாவூர் ஓவியம்: பலகையிலிருந்து கண் திறப்பது வரை

தஞ்சாவூர் ஓவியம் கற்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது தங்கத்தைப் பற்றித்தான். தங்க ரேக்கு, அதாவது படத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தகடு, எங்கே கிடைக்கும், எப்படி ஒட்டுவது, எத்தனை தாள் வாங்க வேண்டும்? கேட்பதில் தப்பில்லை, பார்த்ததும் கண்ணில் படுவது அதுதானே. ஆனால் ஒரு படம் ஐம்பது வருடம் சுவரில் நிற்குமா, ஐந்தே வருடத்தில் வெடித்து உதிருமா என்பது தங்கத்துக்கு வெகுமுன்பே, பலகையிலும், மேடு எழுப்பும் பசையான மக்கிலும் முடிவாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் பலகைக்கும் மக்குக்கும் அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

இந்தக் கலைக்குப் பழைய பெயரே பலகைப் படம். பலா மரத்திலும் தேக்கிலும் பலகை இழைத்து, அதன்மேல் துணி ஒட்டி வரைந்தார்கள். நாயக்கர் காலத்திலேயே இதன் வேர் இருக்கிறது. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜியின் ஆட்சியில் (1798–1832), இன்று நாம் காணும் உருவத்தை அடைந்தது. ராஜு, நாயுடு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதைத் தொழிலாகச் செய்தன. 2007-08இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொடங்குமுன் இவ்வளவு வரலாறு போதும். மீதியை நல்ல பழைய படங்களின் முன்னால் நின்று கற்றுக்கொள்ளலாம். சென்னையில் இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். வெளியூர் என்றால் பக்கத்தில் இருக்கும் பூம்புகார் விற்பனை நிலையத்துக்குப் போங்கள். படத்தை நேராகப் பார்த்தது போதாது. பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள். மேடு எவ்வளவு உயரம், எங்கே சரிந்து தரையோடு கலக்கிறது என்பது அப்போதுதான் புலப்படும்.

எதை வரைவது

முதல் படத்துக்கு ராமர் பட்டாபிஷேகம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு முகம், அத்தனைக்கும் கிரீடம், சிம்மாசனம், விதானம் என்று பாதி வழியிலேயே மனம் சோர்ந்துவிடும். ஒற்றை உருவமாக எடுங்கள். வெண்ணெய்ப் பானையோடு உட்கார்ந்திருக்கும் நவநீத கிருஷ்ணன் எல்லா வகையிலும் பொருத்தம். கொழுகொழு உடம்பு, வட்ட முகம், கழுத்திலும் இடுப்பிலும் நகை, மேலே ஒரு வளைவு மண்டபம், இருபுறமும் திரைச்சீலை. மக்கு வேலை, கல் வேலை, ரேக்கு வேலை, வண்ண வேலை எல்லாவற்றிலும் கை பழகும், எதுவும் அளவுக்கு மீறாது.

பலகை 10 அங்குலத்துக்கு 12 அங்குலம் இருக்கட்டும். அதைவிடச் சிறிதாக எடுத்தால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிறிய படத்தில்தான் கை தவறும். முகம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாகிவிட்டால், புருவத்தில் ஒரு மயிரிழை விலகினாலும் குழந்தைக்கு வயதாகிவிடும்.

பலகை

தண்ணீர் தாங்கும் நல்ல பிளைவுட் வாங்குங்கள், எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல். கடைக்காரரிடமே அளவுக்கு அறுத்து வாங்கி, வீட்டில் தரையில் வைத்து நான்கு மூலையையும் அழுத்திப் பாருங்கள். ஒரு மூலை ஆடினால் பலகை வளைந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சிலாம்பு எடுங்கள்.

அடுத்தது துணி. சாயம் போடாத காடாத் துணி வேண்டும். முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி போகக் கசக்கி, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். இதைச் செய்யாமல் ஒட்டினால், வெள்ளை பூசும்போது துணி ஈரத்தில் சுருங்கிக் குமிழ் விடும். பலகையைவிட நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய பசையால் ஒட்டினார்கள். இப்போது எல்லோரும் பெவிகால்தான். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, பலகை முழுக்கச் சீராகத் தடவி, துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டே போங்கள். காற்று உள்ளே நிற்கக் கூடாது. ஓரத்தைப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும்.

பிறகு வெள்ளைப் பூச்சு. சாக் பவுடரை மெல்லிய துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்துகொள்ளுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பின்னால் கோடு போடும்போது பிரஷ் அதில் இடறும். இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு பெவிகால், தண்ணீர் விட்டு ரவா தோசை மாவு பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். அகலமான பிரஷால் முதல் பூச்சை இடமிருந்து வலமாகப் பூசுங்கள். அது காய்ந்த பிறகு இரண்டாவதை மேலிருந்து கீழாகப் பூச வேண்டும். இப்படித் திசை மாற்றி மாற்றி நான்கு பூச்சு. துணியின் நெசவு கண்ணுக்குத் தெரியாமல் போனால் போதும்.

காய்ந்ததும் 120ஆம் எண் உப்புத்தாளால் லேசாகவும், பிறகு 220ஆம் எண்ணால் வட்டமாகவும் தேயுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நல்லதல்ல. கடைசியில் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் மெருகு வரும். புறங்கையால் தடவிப் பார்க்கும்போது கோழிமுட்டை ஓட்டைத் தொட்டதுபோல் இருக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தடவுவார். "இன்னும் இங்க ஒரு மேடு இருக்கும்மா" என்று ஓரிடத்தில் விரல் வைப்பார். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது, கையை வைத்தால் தெரியும். என் முதல் பலகையை அவர் மூன்று தடவை திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அழுகை வந்தது. அந்தப் பலகையில் வரைந்த படம் இருபது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் என் அம்மா வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது.

கோடு

படத்தை முதலில் தாளில் முழு அளவில் வரைந்து முடித்துவிட வேண்டும். பலகையில் அழித்து அழித்து வரைந்தால் அவ்வளவு பாடுபட்ட மெருகு போய்விடும். சொந்தமாக வரையத் தெரியாவிட்டால் நல்ல படம் ஒன்றின் கோட்டைப் பிரதி எடுத்துப் பழகலாம். அந்தக் காலப் பட்டறைகளிலும் சீடர்கள் குருவின் கோட்டை நகல் எடுத்துத்தான் கை பழகினார்கள்.

தாளிலிருந்து பலகைக்கு மாற்ற நீலக் கார்பன் தாளைப் பயன்படுத்தாதீர்கள். அந்த நீலம் வெளிர் வண்ணத்தின் அடியிலிருந்து மெல்ல மேலே கசிந்துவரும். டிரேசிங் தாளில் படத்தை எடுத்து, அதன் பின்பக்கம் 2பி பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, பலகையில் வைத்து நாலு மூலையும் ஒட்டி, மேலே கூரான பென்சிலால் கோட்டின் மீது போங்கள். அழுத்த வேண்டாம். தாளை எடுத்த பிறகு விட்டுப்போன கோடுகளைக் கையால் சேருங்கள்.

முகத்துக்கு மட்டும் ஒரு தனி நாள் ஒதுக்குங்கள். தஞ்சாவூர் முகம் வட்டமானது, கண் பாதாம் பருப்பு வடிவம், கன்னம் நிறைந்தது, மோவாய் சின்னது. தாளிலேயே முகத்தை இருபது முப்பது தடவை வரைந்து பாருங்கள். தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தால், ஒரு கண் ஏறி ஒரு கண் இறங்கியிருப்பது உடனே தெரிந்துவிடும்.

கல்லும் மக்கும்

இனிதான் படம் தரையைவிட்டு எழும்புகிறது.

கற்களை ஜெய்ப்பூர் கல் என்று கேட்டால் கொடுப்பார்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை, வட்டம், கண்ணீர்த்துளி வடிவம் என்று பல இருக்கும். முதல் படத்துக்குச் சிவப்பும் வெள்ளையும் பெரும்பான்மையாக, பச்சை அங்கங்கே போதும். எல்லா நிறத்தையும் வாரி இறைத்தால் கிருஷ்ணனைவிட மண்டபம்தான் முன்னால் நிற்கும். கற்களைக் கோட்டின் மேல் அடுக்கி, பிடித்தபடி வந்ததும் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துப் பெவிகால் தொட்டு ஒட்டுங்கள்.

மக்கு என்பது மேடு எழுப்பும் பசை. பழைய பட்டறைகளில் சுக்கான் கல் பொடியும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்தார்கள். நாம் வெள்ளைப் பூச்சுக்கு வைத்திருக்கும் அதே சாக் பவுடரையும் பெவிகாலையும் கெட்டியாகப் பிசைந்துகொள்ளலாம். இரண்டு பதம் வேண்டும். தூண், கிரீடம், மாலை போன்ற பெரிய இடங்களுக்கு இட்லி மாவைவிடக் கெட்டியாக ஒன்று. நகையின் சுருள், முத்து வரிசை, கொடி போன்ற நுணுக்கத்துக்கு, பிரஷ் நுனியிலிருந்து சொட்டாமல் இழைந்து இறங்கும் அளவுக்குத் தளர்வாக ஒன்று. கலந்த மக்கை ஈரத் துணியால் மூடியே வையுங்கள். மேலே ஆடை கட்டினால் அந்தத் துணுக்கு வேலைக்குள் போய்விடும்.

முத்து வரிசை வைக்கும் முறை இது. தளர்ந்த மக்கைப் பூஜ்ஜிய எண் பிரஷில் தோய்த்து, பலகையைத் தொடாமல் மக்கு மட்டும் தொடும்படி இறக்கி, நேராக மேலே தூக்குங்கள். உருண்டையாக ஒரு துளி நிற்கும். நுனியில் வால் நீண்டால் மக்கு கெட்டி, துளி பரவித் தட்டையானால் தளர்வு. இதைப் பழைய அட்டையில் நூறு துளி வைத்துப் பழகிய பிறகு பலகைக்கு வாருங்கள். மருதாணி கோன் சுற்றத் தெரிந்தவர்களுக்குக் கொடிக் கோடுகள் கோனில் அழகாக வரும். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இந்தக் கைப்பக்குவம் ஏற்கெனவே இருக்கிறது, கோலம் போட்ட விரல்களுக்குப் புள்ளியும் இழையும் புதிதல்ல. கல்லைச் சுற்றி மக்கால் ஒரு வரப்பு கட்ட மறக்காதீர்கள். கல்லைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

பெரிய மேட்டை ஒரே தடவையில் எழுப்பாதீர்கள். மேல்புறம் காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, இரண்டாம் நாள் குறுக்கே வெடிப்பு ஓடும். ஒரு மில்லிமீட்டர் போல வைத்து, காயவிட்டு, அதன்மேல் அடுத்தது. வெயிலில் வைத்தாலும் வெடிக்கும், மின்விசிறியின் நேர்க் காற்றில் வைத்தாலும் வெடிக்கும். நிழல்தான் சரி. கோடையில் ஒரு இரவு போதும், ஐப்பசி கார்த்திகை மழையில் மூன்று நாள்கூட ஆகலாம். காய்ந்துவிட்டதா என்று அறிய நகத்தால் குத்த வேண்டாம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் கலங்க வேண்டியதில்லை, தளர்ந்த மக்கைப் பிரஷால் அதில் ஊட்டினால் சேர்ந்துகொள்ளும். வெடிப்பு பாளமாக ஓடியிருந்தால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். மூடி மறைத்து ரேக்கு ஒட்டினால் தங்கமும் அதே கோட்டில் பிளக்கும்.

தங்க ரேக்கு

ரேக்கு வாங்கும்போது 22 காரட் என்று கேட்டு, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். மலிவாகப் போலி ரேக்கும் விற்கிறார்கள். புதிதில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும், சில வருடத்தில் போலி கறுத்துவிடும். பழகுவதற்குப் போலியை வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அப்படிச் செய்த படத்தை யாருக்கும் தங்கம் என்று கொடுக்காதீர்கள். ஊதினால் பறக்கும் தங்க இலை வேறு. நம் வேலைக்கு வரும் ரேக்கு பெரும்பாலும் மெல்லிய தாளோடு சேர்ந்தே இருக்கும், கையில் எடுக்கலாம்.

முதல் நாள் இரவே கருவேலம் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். தேன் போல இருக்க வேண்டும். மக்கு வேலையின் மேல் டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் மேட்டின் வடிவம் தாளில் பதியும். அந்த வடிவத்துக்குச் சற்றுப் பெரிதாக ரேக்கை வெட்டுங்கள். மேட்டின் மேல் பிசினைச் சீராகத் தடவி, பிசுபிசுப்பு வரும்வரை பொறுத்து, ரேக்கை வைத்துப் பஞ்சால் நடுவிலிருந்து அழுத்துங்கள். விரலால் தேய்க்க வேண்டாம், வியர்வை மினுக்கத்தைக் கெடுக்கும். பிறகு பிரஷின் பின்முனையை வைத்து ஒவ்வொரு பள்ளத்திலும், ஒவ்வொரு முத்தைச் சுற்றியும் அழுத்தி இறக்குங்கள். சாதாரண மேடு இந்த இடத்தில்தான் நகையாக மாறுகிறது. எத்தனை வருடம் செய்தாலும் இந்த அரைமணி நேரத்தில் எனக்குப் பேச்சு வராது.

கற்களின் மேல் மூடியிருக்கும் ரேக்கைப் புது பிளேடால் கல்லின் விளிம்பை ஒட்டிக் கீறி எடுங்கள். வெளியோரத்தையும் அப்படியே நறுக்குங்கள். பிளேடைப் படுக்கவைத்துப் பிடித்தால் அடியிலுள்ள வெள்ளைப் பூச்சில் கீறல் விழாது. விழுந்த துணுக்குகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால் சின்ன இடங்களுக்கு ஒட்டுப் போட உதவும். ஒரு நாள் காயட்டும்.

வண்ணம்

அந்தக் காலத்தில் தாவரச் சாயமும் கனிம வண்ணமும். இப்போது போஸ்டர் கலர் நன்றாகவே வேலை செய்கிறது. அதில் நாலு சொட்டுப் பிசின் தண்ணீர் கலந்துகொண்டால் காய்ந்த பிறகு கையில் ஒட்டாது. முதலில் பின்புலம், அடுத்து திரைச்சீலை, ஆடை, கடைசியில் உடம்பு. பின்புலத்துக்குச் சிவப்பு மரபானது, அடர்பச்சையும் உண்டு. வெள்ளைத் தரை முதல் பூச்சைக் குடித்துவிடும், திட்டுத் திட்டாகத்தான் தெரியும். பயப்படாமல் காயவிட்டு இரண்டாவது பூசுங்கள்.

தெய்வங்களின் நிறத்துக்கு மரபு இருக்கிறது. விஷ்ணு நீலம், நடராஜர் வெண்மை, சிவகாமி பச்சை. குழந்தைக் கிருஷ்ணனைத் தஞ்சைக்காரர்கள் வெளிர்நிறத்தில் வரைவதும் வழக்கம். வெளிர்நிறம் எடுத்தால் அதில் ஒரு சொட்டு மஞ்சளும் ஒரு சொட்டுச் சிவப்பும் சேருங்கள், வெறும் வெள்ளை உயிரில்லாமல் இருக்கும். உடம்பின் விளிம்பு ஓரமாக அதே நிறத்தில் சற்று அடர்ந்ததை நீர்க்கத் தடவி, ஈரப் பிரஷால் உட்பக்கம் கலைத்துவிடுங்கள். மூன்று நான்கு தடவை இப்படி ஏற்றினால் கைகால் உருண்டு வரும். அதன்பின் அடர்பழுப்பில் வெளிக்கோடு. மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சு இழுக்குமுன் ஒரு கோட்டை முடியுங்கள். கை நடுங்கினால் அன்றைக்கு அது போதும்.

கண்ணை எல்லாவற்றுக்கும் கடைசியில் திறக்க வேண்டும். காலை வெளிச்சத்தில், வீடு அமைதியாக இருக்கும்போது உட்காருங்கள். மேல் இமைக் கோடு முதலில், பிறகு கீழ் இமை. கருவிழி மேல் இமையைத் தொட்டு நிற்கட்டும், நடுவில் மிதந்தால் பார்வை வெறிக்கும். இரண்டு கருவிழியையும் ஒன்றன்பின் ஒன்றாக உடனே வையுங்கள், ஒரு கண்ணை முடித்துவிட்டு மற்றதை நாளைக்கு என்று வைத்தால் பார்வை சேராது. கடைசியாக ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி.

சட்டமும் பராமரிப்பும்

தேக்குச் சட்டம் போடுங்கள். கண்ணாடி கல்லையோ ரேக்கையோ தொடாதபடி இடைவெளி விடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள். என் படம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்த கடையில் கண்ணாடியை அழுத்திப் பொருத்தியதில் கிரீடத்தின் முத்து வரிசை நசுங்கிப் போயிற்று. மூன்று வார வேலை. அதிலிருந்து சட்டம் போட்டு முடியும்வரை நான் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

ஓதம் ஏறும் சுவர், நேர் வெயில் விழும் இடம், அடுப்பங்கரைப் புகை இந்த மூன்றும் ஆகாது. பூஜையறையில் மாட்டினால் விளக்குக்கு நேர் மேலே வேண்டாம். கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் காய்ந்த துணியால் துடையுங்கள்.

தினம் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் படம் முடிய மூன்று நான்கு வாரம் ஆகும். அதில் பாதி நாள் காத்திருப்பதுதான். அந்த நாட்களில் அட்டையில் முத்து வரிசை வைத்துப் பழகுங்கள், தாளில் முகம் வரையுங்கள். சட்டத்துக்குக் கொடுக்குமுன் பலகையின் பின்பக்கம், மடித்து ஒட்டிய காடாத் துணியின் ஓரத்தில், உங்கள் பெயரையும் தொடங்கிய தேதியையும் கண் திறந்த தேதியையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.